பினாங்கில் காடித் துருவை வீட்டு வாசலிலேயே சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

துரு எடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்கி வருவது ஸ்பிரே டப்பா. இந்த வேலையில் அதன் முறை பத்தாவதாகத்தான் வரும். என் காடி (கார்), அக்கா வீட்டுக் காடி, தாமானில் எதிர் வரிசைக்காரர்களின் காடி என்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் துரு எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் எடுப்பதைப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். சில மாதங்களிலேயே மறுபடி கொப்புளம் கிளம்பிய இடங்களில் கோளாறு சாயத்தில் இல்லை. சாயத்துக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டிருந்தது, இல்லையென்றால் துருவே மிச்சம் இருந்தது.

இங்கே சொல்லும் முறை உள்ளங்கை அளவு வரையிலான துருவுக்கு. கம்பிரசர், ஸ்பிரே கன் எதுவும் வேண்டாம். கையால் தேய்த்து, டப்பாவால் அடிக்கிற வேலைதான். இரண்டு வார இறுதிகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கொப்புளம் இருக்கும் இடத்தைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்துங்கள். தயங்க வேண்டாம், அந்தச் சாயம் எப்படியும் போகப்போவதுதான். அடியில் கெட்டியாக இரும்பு தட்டுப்பட்டால் வேலையை நீங்களே செய்யலாம். அப்பளம் மாதிரி நொறுங்கி முனை உள்ளே இறங்கினால் தகடு ஓட்டையாகிவிட்டது. ஓட்டைக்கு வெல்டிங்தான். பைபர் துணியும் சிமெனும் (குழியை நிரப்பும் பசை) வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருப்பதால் அது நெடுநாள் நிற்காது.

ஓட்டை இல்லாவிட்டாலும் சில இடங்களில் வீட்டு வைத்தியம் கூடாது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக் வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், முன் அப்சோர்பரின் தலை உட்கார்ந்திருக்கும் இடம், இவையெல்லாம் காடியின் எலும்பு. அங்கே வெளியில் தெரிவது ஐந்து காசு அளவுத் துருவாக இருந்தாலும் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

செகண்ட்ஹேண்ட் காடி என்றால் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் துருவைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே ஏற்கெனவே யாரோ சிமென் போட்டிருக்கிறார்கள். அது முழுவதையும் பெயர்க்க வேண்டி வரும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதும் பாதி வேலையில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

2. துரு வெளியிலிருந்து வந்ததா, உள்ளிருந்து வந்ததா

இதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. கல் அடித்துச் சாயம் பெயர்ந்து வந்த துருவுக்கு நடுவில் ஒரு காயம் தெரியும். அதைச் சுற்றித்தான் பழுப்பு பரவியிருக்கும். போனட்டின் முன் ஓரம், கண்ணாடிக்கு மேல் கூரை விளிம்பு, இங்கே வருவது பெரும்பாலும் இந்த வகை. எளிதானது.

கதவின் அடி ஓரத்திலோ பின் சக்கர வளைவின் விளிம்பிலோ, மேல் தோல் கிழியாமல் வரிசையாகக் கொப்புளம் எழும்பியிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும். அந்தப் பருமன்தான் சாயத்தைத் தூக்குகிறது. வெளிப்பக்கத்தை மட்டும் அழகாக்கினால் அடுத்த தீபாவளிக்குள் அதே இடத்தில் அதே கொப்புளம்.

ஆகவே சாயத்தைத் தொடுவதற்கு முன் கதவைத் திறந்து அதன் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்த வழி அது. மணலும் காய்ந்த இலையும் அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டுக் கிளறுங்கள். சக்கர வளைவில் விரலை விளிம்புக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள். கட்டிச் சேறு கையோடு வரும். இரண்டையும் நன்றாக அலசி ஒரு வாரம் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

தஞ்சோங் பூங்கா, பத்து மாவோங், பட்டர்வொர்த் கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் அநேகமாக எல்லா இரவும் அப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு ராத்திரி முழுக்க நனைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரால் தாராளமாக அலசச் சொல்வது அதனால்தான்.

3. நாள் பார்க்க வேண்டிய வேலை இது

தீபாவளிக்குள் காடியைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையில் செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறவர்களே அதிகம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை வெளுத்து வாங்கும். அந்த மாதங்களில் கைவைத்தால் தேய்த்த தகடு கையில், மேகம் தலைக்கு மேல் என்று நிற்பீர்கள். என் யோசனை: தீபாவளிக்குக் கழுவி மெழுகு போடுவதோடு நிறுத்திக்கொண்டு, துருவைப் பொங்கல், தைப்பூசம் வரும் சனவரி பிப்ரவரி வெயிலுக்கு விடுங்கள். அதுவரை துரு பரவாமலிருக்கக் கொப்புளத்தின் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும். அசிங்கமாக இருக்கும், ஆனால் காற்றும் நீரும் புகாது.

ஒரு நாளுக்குள் நேரம் என்றால் காலை பத்தரையிலிருந்து பிற்பகல் மூன்று வரை. விடிகாலையில் தகட்டில் பனி படிந்திருக்கும். நான்கு மணிக்கு மேல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. செல்போனின் வானிலைச் செயலியில் ஈரப்பதத்தைப் பாருங்கள். 85 சதவீதத்துக்கு மேல் என்றால் அன்றைக்குச் சாயம் வேண்டாம். அதே செயலியில் பனிநிலை வெப்பம் என்று ஓர் எண் இருக்கும். தகட்டின் வெப்பம் அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சாயக்காரர்களின் கணக்கு. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம்.

ஏர்கோன் போட்டு ஓட்டி வந்த காடியில் உடனே வேலையை ஆரம்பிக்காதீர்கள். குளிர்ந்த கதவுத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் வியர்த்திருக்கும். நான்கு கதவுகளையும் திறந்துவைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். நேர் வெயிலும் ஆகாது. கை வைக்க முடியாத சூட்டில் சாயம் தகட்டில் படியுமுன்பே காய்ந்து தூளாக உட்காரும். கூரை நிழல், காற்றோட்டம், இரண்டும் உள்ள வாசல்தான் சரி.

4. கடைக்குப் போகுமுன்

காடியின் சாய நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் பகுதியிலோ ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். "சில்வர்தான்" என்று கடையில் சொன்னால் பத்து சில்வரைக் காட்டுவார்கள். அதே நிறத்தில் ஓரிடத்தைப் பூசுவது வெறும் பழுதுபார்ப்பு; முழு நிறத்தையும் மாற்றினால்தான் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிய வேண்டும்.

காடிச் சாயம் கலந்து தரும் கடையிலேயே பெரும்பாலும் எல்லாம் கிடைத்துவிடும். சேண்ட்பேப்பரில் 80, 180, 320, 600, 1500, 2000 நம்பர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தாள். நம்பர் கூடக் கூட மென்மை. தாளைச் சுற்றிப் பிடிக்க ஒரு ரப்பர் கட்டை. மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவம் அரை லிட்டர். ரஸ்ட் கன்வெர்ட்டர் சின்னப் போத்தல். எபோக்சி பிரைமர் (அடிப்பூச்சு), அதை இறுக வைக்கும் ஹார்ட்னரோடு. பட்டறையில் சிமென் என்று சொல்லும் இரண்டு பாகப் புட்டி, அதற்கு இரண்டு பிளாஸ்டிக் தகடு. சாம்பல் நிற பிரைமர் டப்பா, நம்பருக்குக் கலந்த நிற டப்பா, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) டப்பா, தலைக்கு ஒன்று. மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் தாள், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. சாய வாசத்துக்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள். கோவிட் காலத்தில் மிஞ்சிய முகக்கவசம் தூசியைக்கூட ஓரளவுக்குத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்கவே தடுக்காது.

5. கழுவி, எண்ணெய் எடுப்பது

தேய்ப்பதற்கு முன்னால்தான் எண்ணெய் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று தேய்க்க ஆரம்பித்தால், தகட்டின் மேலிருந்த மெழுகைச் சேண்ட்பேப்பர் இரும்பின் கீறல்களுக்குள்ளேயே அழுத்தித் திணித்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு துடைத்தாலும் வராது.

சோப்பால் கழுவி, காயவைத்து, திரவத்தை ஒரு துணியில் தடவித் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. கோயிலில் காடிப் பூஜை முடித்து வந்திருந்தால் போனட்டில் சந்தனத்தோடு விளக்கெண்ணெய்க் கையும் பட்டிருக்கும். அங்கே இரண்டு முறை.

நான் மாட்டிக்கொண்டது டயர் ஸ்பிரேயில். நான் இந்தப் பக்கம் கதவைத் துடைத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், என் பையன் அந்தப் பக்கம் தன் மோட்டாரின் டயருக்குப் பளபளப்பு ஸ்பிரே அடித்திருக்கிறான். பிரைமர் அடித்ததும் கதவு முழுக்க மிளகு அளவில் குழி குழியாக விலகி நின்றது சாயம். பட்டறையில் மீன் கண் என்பார்கள். சிலிக்கோன் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. ஒரு நாள் வேலையைத் தேய்த்து எடுக்க இன்னொரு நாள் ஆனது. அன்றிலிருந்து வேலை நடக்கும் வாரத்தில் வாசலில் எந்தப் பளபளப்பு ஸ்பிரேக்கும் இடமில்லை.

6. இரும்பு வெளுக்கும்வரை தேய்ப்பது

முழு வேலையிலும் அதிக நேரம் இங்கே போக வேண்டும். எல்லாரும் சீக்கிரம் முடிப்பதும் இங்கேதான்.

துருவிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் டேப் ஒட்டி, மிச்சக் காடியைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். துருத்தூள் மற்ற இடத்தில் விழுந்து மழையில் நனைந்தால் அங்கேயும் பழுப்புப் புள்ளி வரும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு 80 நம்பர் தாளால் தொடங்குங்கள். கொப்புளத்தின் ஓரத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாண்டிப் போங்கள். நல்ல சாயம் என்று நினைத்த இடத்துக்கு அடியிலும் துரு நூல் மாதிரி ஓடியிருக்கும். சாயம் இரும்பை இறுகப் பிடித்திருக்கும் இடம் வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். காடியின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. கிரைண்டரை ஓரிடத்தில் சில விநாடி நிறுத்தினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும், மெலிந்தும் போகும். கம்பி பிரஷ் மாட்டிய டிரில் போதும், அதையும் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

அக்கா மகன் முதல் தடவை தன் காடியின் பின் வளைவைத் தேய்த்தபோது அரை மணி நேரத்தில் கூப்பிட்டான். "மாமா, போதும்தானே? வெள்ளையாயிடுச்சு."

தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான். செல்போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்து அடிக்கச் சொன்னேன். இரும்பு முழுக்க ஊசி குத்திய மாதிரி கறுப்புப் புள்ளிகள். "இது அழுக்கில்லையா மாமா?" என்றான். ஒரு புள்ளியை ஊசி முனையால் கிளறிக் காட்டினேன். பழுப்புத் தூள் கொட்டியது. அந்தக் குழிகளுக்குள் இருப்பது துருவின் வேர். மேலே எத்தனை பூச்சு போட்டாலும் அது உள்ளேயிருந்து வேலை செய்யும். ஊசி, சின்னக் கம்பி பிரஷ், மடித்த 80 நம்பர் தாளின் மூலை என்று மாற்றி மாற்றிக் கிளறி முடிக்க அவனுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அப்புறம் ஓரத்தைச் சரிவாக்க வேண்டும். சாயம் முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி விளிம்பு இருந்தால், முடிந்த வேலையில் அது வரைபடம் போலத் தெரியும். 180 நம்பரால் சுற்றி விரித்து, 320 நம்பரால் மென்மையாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய துணிக்கு மேலாக விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கே இரும்பு முடிகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது.

7. குழிகளுக்கு மட்டும் கன்வெர்ட்டர்

ரஸ்ட் கன்வெர்ட்டரை மாயத்தண்ணீர் என்று நினைத்துத் தடித்த துருவின் மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது மேல் படலத்தைத்தான் கறுப்பாக மாற்றும். அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். எவ்வளவு கிளறியும் வராத குழிகளுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள்.

டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பது இங்கே கட்டாயம். டானின் வகை காய்ந்து அப்படியே ஒரு படலமாக நிற்கும். பாஸ்போரிக் அமில வகையில் பலவற்றை வேலை முடிந்ததும் நீரால் துடைத்தெடுக்கச் சொல்லியிருக்கும். மிச்ச அமிலம் தங்கினால் அதற்கு மேல் போடும் எபோக்சி சரியாகப் பிடிக்காது. துடைத்த பிறகு ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்துங்கள்.

8. அன்றைக்கே எபோக்சி

தேய்த்த இரும்பை நம் ஊர்க் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் வியர்வை உப்பால் விரல் ரேகை அப்படியே பழுப்பில் பதிந்திருக்கும். பெருவிரல் எது, சுட்டுவிரல் எது என்று சொல்லிவிடலாம். ஆகவே மதியம் இரண்டு மணிக்குள் தேய்த்து முடிக்க முடியாது என்று தோன்றினால் அன்று ஒரே ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இடத்தையும் திறந்து வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புதியவர்களின் வழக்கம்.

மறுபடி ஒருமுறை எண்ணெய் எடுக்கும் திரவத்தால் துடைத்து, எபோக்சி பிரைமரை ஹார்ட்னரோடு டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். சின்ன இடத்துக்கு நல்ல பிரஷ்ஷே போதும். பிரஷ் கோடுகளைப் பிறகு தேய்த்துவிடலாம். இரும்பு முழுவதும் மறைந்து, தேய்த்த சாயத்தின் மேலும் சிறிது ஏற வேண்டும்.

எபோக்சிதான் ஏன்? டப்பாவில் வரும் சாதாரண பிரைமர் நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். எபோக்சி உறிஞ்சாது. இந்த ஒரு டப்பாவுக்குச் செலவழிக்கத் தயங்கிவிட்டு, கிளியருக்கு விலை கூடியதாகத் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எபோக்சியைத்தான் வாங்குவேன்.

9. சிமென்: குறைவாகப் போடுவதே கெட்டிக்காரத்தனம்

குழியோ நெளிவோ இல்லாவிட்டால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். இருந்தால், எபோக்சி காய்ந்த பிறகு 180 நம்பரால் லேசாகச் சொரசொரப்பாக்கி அதன் மேல் சிமென் போடுங்கள். வெறும் இரும்பின் மேல் நேரே போடுவதும் பட்டறைகளில் உண்டு. நம் ஈரத்துக்கு அடியில் எபோக்சி இருப்பதே எனக்கு நம்பிக்கை. எபோக்சி கிடைக்காமல் போனால் சாதாரண டப்பா பிரைமரின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். சிமெனில் இருக்கும் கரைப்பான் அந்த பிரைமரை இளக்கித் தூக்கிவிடும். அதைவிட வெறும் இரும்பே மேல்.

ஹார்ட்னர் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். கோல்ஃப் பந்து அளவு சிமெனுக்கு ஒரு பட்டாணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால் ஹார்ட்னரின் சிவப்பு, மேலே போடும் நிறத்தின் வழியாகக் கறையாக எழும்பி வரும். முட்டை அடிப்பது போல அடிக்காமல், பிளாஸ்டிக் தகட்டில் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். அடித்தால் காற்றுக் குமிழ் புகுந்து, தேய்க்கும்போது ஊசித்துளையாகத் திறக்கும். நம் வெப்பத்தில் மூன்று நான்கு நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்குங்கள். இறுக ஆரம்பித்ததை இழுத்துப் பூசினால் கட்டி கட்டியாகப் பெயரும்.

மெல்லிய பூச்சு இரண்டு, மூன்று. காய்ந்ததும் ரப்பர் கட்டையில் 80, பிறகு 180, பிறகு 320. வெறும் விரலால் தேய்த்தால் விரல் போகும் வழியெல்லாம் பள்ளம் விழும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஆகாது. சிமென் ஸ்பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். நனைத்துத் தேய்த்தால் இத்தனை நேரம் விரட்டிய ஈரத்தை நீங்களே உள்ளே வைத்து மூடுகிறீர்கள்.

10. சாம்பல் பிரைமர், அங்கேயே நின்றுவிடாமல்

மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். டேப் ஓரத்தை உள்பக்கம் பார்த்துச் சுருட்டி ஒட்டினால் சாயம் கூர்மையான கோடாக நிற்காமல் மங்கலாக முடியும். காய்ந்ததும் 600 நம்பரால் தேய்த்துச் சமமாக்குங்கள். அடியில் சிமென் இருந்தால் இதையும் உலர்வாகவே தேய்ப்பது நல்லது. எங்காவது சிமெனோ இரும்போ எட்டிப் பார்த்தால் அங்கே மறுபடி பிரைமர்.

சாம்பல் திட்டோடு வாரக்கணக்கில் ஓடும் காடிகளைச் சாலையில் நிறையப் பார்க்கலாம். "துரு எடுத்தாச்சு, நிறத்தை அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்ற கணக்கு. இந்த பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் என்று முன்பே சொன்னேன். அதன் மேல் நான்கு மழை பெய்தால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியதுதான். நிறம் அடிக்க நாள் இல்லையென்றால் எபோக்சியோடு நிறுத்திவிட்டு, பிறகு தொடருங்கள், எபோக்சி பொறுத்துக்கொள்ளும். நாள் கடந்துவிட்டால் அதை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே போக வேண்டும், அவ்வளவுதான்.

11. நிறம்

டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்டபிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முதலில் ஓர் அட்டையில் அடித்து, காயவிட்டு, கிளியரும் போட்டுக் காடியோடு வைத்துப் பகலில் பாருங்கள். கிளியர் போட்டால் நிறம் ஆழமாகும். நம்பர் சரியாக இருந்தாலும் பத்து வருட வெயிலில் வெளுத்த காடியோடு புதுச் சாயம் முழுதாக ஒத்துப்போகாது. வெள்ளையும் கறுப்பும் ஓரளவு தப்பிக்கும், சில்வர் காட்டிக்கொடுக்கும்.

தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். பொத்தானைத் தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, தகட்டைக் கடந்த பிறகு விடுங்கள். தகட்டின் மேலேயே அழுத்தினால் முதல் துளி கட்டியாக விழும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதில் பாதியை மூடட்டும். முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும். அதை மறைக்க அங்கேயே நின்று அடித்தால் வழிந்து ஓடும். நான்கைந்து பூச்சில் தானாக மறையும். வழிந்துவிட்டால் தொடாதீர்கள், காயவிட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். மினுமினுப்புள்ள நிறமென்றால் கடைசிப் பூச்சைச் சற்றுத் தள்ளி நின்று லேசாக அடியுங்கள். அதைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மினுக்குத் துகள் கலைந்து திட்டுத் தெரியும்.

12. கிளியர், பிறகு பொறுமை

டப்பாவிலேயே ஹார்ட்னர் அடைத்து வரும் டூ-கே கிளியர் நல்ல உறுதி. அதில் ஐசோசயனேட் இருக்கிறது; நுரையீரலைக் கெடுக்கும், வாசத்தை வைத்து அளவு தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டிய தரைவீட்டு வரிசையில், பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு மூன்றடி தூரத்தில் அதை அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சாதாரண கிளியர் போதும். பெட்ரோல் பட்டால் சாதாரண கிளியர் இளகும் என்பதால், பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றியுள்ள துருவுக்கு மட்டும் கிளியர் வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நிறம் அடித்து அரை மணி நேரத்தில், டப்பாவில் சொன்ன அவகாசத்துக்குள், மூன்று பூச்சு கிளியர். அடித்ததும் பால் ஊற்றியது போல வெண்மை படர்ந்தால் காற்று ஈரம் படிந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் மேலும் அடித்து மூடாமல், ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து மெல்லச் சூடு காட்டுங்கள், லேசானதென்றால் தெளியும். தெளியாவிட்டால் காய்ந்தபின் தேய்த்து வேறொரு நாளில்.

கடைசிப் பூச்சு முழுதாக இறுகுமுன், தொட்டால் ஒட்டும் நிலையிலேயே டேப்பைப் பின்பக்கமாக மடித்து உரியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் சாயத்தின் ஓரமும் கூடவே பெயரும். ஒரு வாரம் தேய்ப்பு வேண்டாம். அப்புறம் 1500, 2000 நம்பர் தாள்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓரங்களை மட்டும் மெல்லத் தேய்த்து, காம்பவுண்டால் பளபளப்பாக்குங்கள். மெழுகு ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் போட்டால் சாயத்தில் மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேற வழியிருக்காது.

பழைய தின்னரை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். கலந்து மிஞ்சிய சிமென் இறுகும்போது சுடும். ஆறிய பிறகுதான் குப்பைக்கு.

13. உள்பக்கத்துக்கு மெழுகு

உள்ளிருந்து வந்த துரு என்றால் வேலை இன்னும் பாக்கி. கதவின் உள் மடிப்புகளுக்கு அடிக்கும் மெழுகு ஸ்பிரே, நீளக் குழாயோடு டப்பாவில் வரும். சாயமெல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் இதை எடுக்க வேண்டும். முன்கூட்டி அடித்தால் துளை வழியே கசிந்து, மீன் கண்ணுக்கு நீங்களே வழி செய்தது போலாகும். குழாயை வடிகால் துளை வழியே உள்ளே விட்டு, வெளியே இழுத்துக்கொண்டே அடியுங்கள். அடி ஓரத்தில் சொட்டுவதைத் துடைத்துவிடுங்கள்.

மெழுகு இறுகியதும் கேபிள் டையால் துளைகளை மறுபடி குத்திவிடுங்கள், மெழுகே அடைத்திருக்கும். அடுத்த முறை காடி கழுவும்போது சன்னல் ரப்பரின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கதவின் அடியைப் பாருங்கள். எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையும் திறந்திருக்க, தண்ணீர் தடையில்லாமல் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் டையை எடுத்து இன்னொரு தரம் குத்துங்கள்.